ஆதார்: இரவல் பெயர், ஈகைப் பொருள்

தமிழ் வேதாகமத்தில் எஸ்தரின் புத்தகத்தைப் படிப்பவர்கள் மூன்றாம் அதிகாரத்தில் ‘ஆதார் மாதம்’ என்ற பெயரைக் கண்டு ஒரு நொடி தயங்கித்தான் மேலே போவார்கள். இன்றைக்கு அந்தச் சொல்லைப் பார்த்தால் சட்டைப் பையில் இருக்கும் அட்டைதானே நினைவுக்கு வரும்! அட்டைக்குப் பன்னிரண்டு இலக்கம். ஆதாரோ யூத நாள்காட்டியின் பன்னிரண்டாவது மாதம். இத்தனை பொருத்தம் இருந்தும் இரண்டு பெயர்களுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. அட்டையின் பெயர் வடமொழி ‘ஆதாரம்’. மாதத்தின் பெயர் மெசொப்பொத்தேமியக் களிமண் பலகைகளிலிருந்து வந்தது.

நம் மாசி, பங்குனியை ஒட்டி வருகிற மாதம் ஆதார். அதன் 14ஆம் நாள் பூரீம் பண்டிகை. எருசலேம் போன்ற பழைய மதில் நகரங்களில் 15ஆம் நாள். ஆதார் புகுந்துவிட்டால் மகிழ்ச்சியைக் கூட்ட வேண்டும் என்பது யூத மரபு. பூரீம் அன்று ஏழைக்குக் கொடுக்காமல் இருக்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் ‘ஆதார்’ என்ற சொல்லை எந்தப் பக்கம் உடைத்துப் பார்த்தாலும் உள்ளே மகிழ்ச்சியும் இல்லை, கொடையும் இல்லை. பிறகு எப்படி அந்தப் பெயரைச் சொன்னாலே இவ்விரண்டும் நினைவுக்கு வருமாறு ஆயிற்று? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எண்ணால் அழைத்த மாதங்கள்

பழைய இஸ்ரவேலர் மாதங்களைப் பெரும்பாலும் எண்ணால்தான் குறித்தார்கள்: முதலாம் மாதம், ஏழாம் மாதம் என்று. எபிரேய வேதத்தில் ஆபிப், சீப், ஏத்தானீம், பூல் என்று நான்கு பழைய கானானியப் பெயர்கள் மட்டும் மிஞ்சி நிற்கின்றன. இவற்றுள் ஆபிப் என்றால் பால் பிடித்த வாற்கோதுமைக் கதிர். 1908இல் கேசேர் என்ற ஊரில் அகழாய்வு செய்தவர்களுக்கு, ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுப் பழமையான ஒரு சிறு சுண்ணாம்புக் கல் கிடைத்தது. அதில் ஆண்டின் மாதங்கள் வேளாண் வேலையால் வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன. விதைப்பு மாதங்கள், பின்விதைப்பு மாதங்கள், ஆளிச்செடி பிடுங்கும் மாதம், வாற்கோதுமை அறுக்கும் மாதம் என்று போகிறது பட்டியல். ஆதார் என்ற பெயருக்கு அங்கே இடமே இல்லை.

கி.மு. 586இல் எருசலேம் ஆலயம் பாபிலோனியரால் இடிக்கப்பட்டது. மக்கள் சிறைபிடிக்கப்பட்டு யூப்ரடீஸ் கரைக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது மொழியில் அரமேயம் கலந்திருந்தது, நாள்காட்டியில் பாபிலோனியப் பெயர்கள் ஏறியிருந்தன. இதை யூத மரபு மறைக்கவில்லை. மாதப் பெயர்கள் தம்மோடு பாபிலோனிலிருந்து ஏறி வந்தவை என்று யூதச் சட்ட விவாதத் தொகுப்பான எருசலேம் தால்மூதே பதிவு செய்திருக்கிறது. தம்மைச் சிறைபிடித்தவனின் காலக் கணக்கையே தம் வழிபாட்டுக்கும் ஏற்றுக்கொண்டதை ஒளிக்காமல் சொன்ன நேர்மை அது. எகிப்தில் நைல் நதியின் எலிபன்டைன் தீவில் காவல்படையாக இருந்த யூதர்கள், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எழுதிவைத்த அரமேயப் பத்திரங்களிலும் இதே பெயர்கள்தாம். பக்கத்திலேயே எகிப்திய மாதமும் எழுதப்பட்டிருக்கும்.

இந்த இரவல் பெயரோடு ஒரு நல்ல செய்தி தொடக்கத்திலேயே சேர்ந்துகொண்டது. இடிந்த ஆலயத்தைத் திரும்பக் கட்டி முடித்த நாள், எஸ்றாவின் புத்தகக் கணக்குப்படி, பாரசீக மன்னன் தரியுவின் ஆறாம் ஆண்டு ஆதார் மாதம் மூன்றாம் தேதி. நம் கணக்கில் கி.மு. 515.

களமா, இருளா?

பாபிலோனியரின் அக்காடிய மொழியில் இந்த மாதம் ‘அத்தாரு’. பாபிலோனிய ஆண்டின் கடைசி மாதமும் இதுவே. இந்தச் சொல்லின் வேர் குறித்து அறிஞர்கள் இரண்டு வழி சொல்கிறார்கள். ஒன்று, ‘அத்ரு’ என்ற அக்காடியச் சொல்லோடு சேர்ப்பது. அது போரடிக்கும் களம். மற்றொன்று, ‘அதாரு’ என்ற வினையோடு சேர்ப்பது. அதற்கு இருளடைதல், மங்குதல் என்று பொருள். கிரகணத்துக்கும் பாபிலோனிய வானியலார் இந்த வினையை ஆள்வதுண்டு.

களத்தோடு சேர்க்கும் விளக்கம் காதுக்கு இனிக்கிறது, கணக்குக்குத்தான் இடிக்கிறது. தெற்கு மெசொப்பொத்தேமியாவில் வாற்கோதுமை அறுவடை இளவேனிலில், அதாவது ஆதார் போன பிறகுதான் சூடு பிடிக்கும். அறுப்பதற்கு முந்திய மாதத்துக்குப் போரடிக்கும் களத்தின் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் விடை எளிதாக வராது. குளிர்கால மேகமும் மழையும் முற்றிலும் விலகாத மாதம் என்ற வகையில் இருள் விளக்கம் சற்றுப் பொருந்துகிறது. அதுவும் முடிந்த முடிவன்று. எபிரேய ‘அத்தீர்’ என்ற சொல்லோடு ஆதாரை இணைத்து, வலிமை மிக்க மாதம் என்று பொருள் சொல்லும் பழக்கம் பிரசங்கிகளிடம் உண்டு. அது ஒலியொப்புமையில் பிறந்த அழகு. பெயர் வெளியிலிருந்து வந்தது என்று தெரிந்த பிறகு உள்ளூர் வேரைத் தேடுவது வீண் வேலை.

அதே பெயரை மற்றவர்களும் வாங்கியிருக்கிறார்கள். சிரியாக் கிறித்தவர்கள் ஆதாரைத் தங்கள் சூரிய நாள்காட்டியின் மார்ச் மாதத்துக்கு வைத்தார்கள். அவர்கள் வழியே ஈராக், சிரியா, லெபனான், பாலஸ்தீன அரபியில் மார்ச் மாதம் இன்றும் ‘ஆதார்’ தான். குர்து மொழியிலும் மார்ச்சுக்கு இதே பெயர். 2005இல் லெபனான் அரசியலைப் புரட்டிய கூட்டணிக்கு ‘14 ஆதார்’ என்றே பெயர். எண் பூரீமின் எண்ணாக இருந்தாலும் அது மார்ச் 14. பூரீமுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பாரசீக நாள்காட்டியில் வரும் ‘ஆசர்’ மாதம் வேறு குடும்பம். அதற்குப் பொருள் நெருப்பு, வருவது நவம்பர், டிசம்பரில்.

பெயர் எல்லோருக்கும் பொது. ஆனால் பெய்ரூத்திலோ பாக்தாதிலோ ‘ஆதார்’ என்றால் வெறும் மார்ச். மாதம் பிறந்ததும் மகிழ்ச்சியும் தருமமும் நினைவுக்கு வருவது யூதர்களிடம் மட்டும். ஆகவே பொருள் வேரில் இல்லை, வழக்கத்தில் இருக்கிறது.

கணக்கு முடிக்கும் மாதம்

அந்த வழக்கத்தின் அடியில் முதலில் இருந்தது கொண்டாட்டமல்ல, கணக்கு வழக்கு. எருசலேம் ஆலயத்தின் பொதுநிதி ஆண்டு நிசான் மாதத்தில் தொடங்கியது. அதற்கு முந்திய மாதம் ஆதார். நம் ஊர் அலுவலகங்களில் மார்ச் மாதம் எப்படியோ அப்படித்தான் அங்கே ஆதாரும்.

தால்மூதுக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பு மிஷ்னா. அதன் ‘ஷெக்காலீம்’ பகுதி இந்த வேலைத் திட்டத்தைத் தேதிவாரியாகச் சொல்கிறது. ஆதார் முதல் நாள் ‘ஷெக்கேல் கொண்டு வாருங்கள்’ என்று பறைசாற்றுவார்கள். 15ஆம் நாள் வெளியூர்களில் பணம் மாற்றுவோரின் பலகைகள் போடப்படும். 25ஆம் நாள் அவை ஆலயத்துக்குள் வந்துவிடும். அதே 15ஆம் நாளை ஒட்டி மழையில் பழுதான சாலைகளையும் தெருக்களையும் செப்பனிடுவார்கள், நீராடு குளங்களைச் சீர் செய்வார்கள், கல்லறைகளுக்கு வெள்ளை அடித்து அடையாளமிடுவார்கள். பஸ்கா யாத்திரைக்குக் கூட்டம் வரும் முன் ஊர்ப் பொதுவேலையை முடித்துவிட வேண்டும்.

‘ஷெக்கேல்’ என்பதற்கு வேர் ‘நிறு’ என்று பொருள்படும் ஷ-க-ல். நாணயம் வருவதற்கு முன் வெள்ளியை நிறுத்துக் கொடுத்த காலத்தின் தடம் அது, அக்காடியத்தில் ‘ஷிக்லு’. ஆலயத்துக்கு ஆளுக்கு அரை ஷெக்கேல். பணக்காரன் அதிகமாகத் தரக் கூடாது, ஏழை குறைத்துத் தரக் கூடாது என்பது யாத்திராகமம் வகுத்த விதி. கொடையில் இதுவொரு விசித்திரமான வகை. இங்கே தாராளம் காட்ட வழியில்லை. எல்லோரும் சமம் என்பதுதான் செய்தி. கி.பி. 70இல் ஆலயம் அழிந்ததோடு இந்த வரியும் போயிற்று. ஆனால் பூரீமுக்கு முந்திய நாள் ஜெபக்கூடத்தில் மூன்று அரை நாணயங்களைத் தட்டில் போடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அந்தப் பணம் ஏழைகளுக்குப் போகிறது. ஆலய வரி மறைந்து ஏழைப் பங்காக உருமாறிய இடம் இது.

எஸ்தர் கதையில் பாரசீக அரசனின் மந்திரி ஆமான், யூதரை அழிக்க அனுமதி கேட்டு அரச கருவூலத்துக்குப் பத்தாயிரம் தாலந்து வெள்ளி நிறுத்துத் தருவதாகச் சொல்கிறான். அவன் நிறுக்கப் போகும் ஷெக்கேல்களை இவர்களின் ஷெக்கேல்கள் முந்திக்கொண்டன என்று தால்மூத் அறிஞர் ரேஷ் லாக்கிஷ் விளக்கினார். ஆதார் முதல் தேதி அறிவிப்புக்கு அவர் தந்த பொருள் இது. வரித் தேதிக்குக் கதையிலிருந்து ஒரு நியாயம் கிடைத்துவிட்டது.

யஹாலுவின் பகடை

ஆமான் எந்த நாளில் அழிப்பது என்று பார்க்கச் சீட்டுப் போட்டான். நிசான் மாதத்தில் போட்ட சீட்டு, பதினொரு மாதம் தள்ளி ஆதாரில் விழுந்தது. அந்தச் சீட்டுக்கு எஸ்தர் புத்தகம் தரும் பெயர் ‘பூர்’. உடனே, பூர் என்பது ‘கோரால்’ என்று எபிரேயச் சொல்லையும் பக்கத்தில் வைக்கிறது. ஆசிரியர் காலத்து வாசகருக்கே ‘பூர்’ அந்நியச் சொல்லாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அந்தச் சொல்லைக் கண்ணால் பார்க்கலாம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துப் பாபிலோனியத் தொகுப்பில் ஒரு சின்னக் களிமண் கனசதுரம் இருக்கிறது. பக்கம் மூன்று சென்டிமீட்டர்கூட வராது. தாயக்கட்டையில் இருப்பது போல் புள்ளிகள் கிடையாது. பக்கங்களில் ஆப்பெழுத்து வரிகள். கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டில் அசீரிய மன்னன் மூன்றாம் சல்மனாசரிடம் உயர் அதிகாரியாக இருந்த யஹாலு என்பவனுடையது அது. அசீரியாவில் ஆண்டுகளுக்கு எண் கிடையாது. ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் அதிகாரியின் பெயரை வைப்பார்கள். யஹாலுவின் பகடை ஆண்டுக்குப் பெயர் தரும் அந்தப் பதவி பற்றியது. தன் பெயரால் அமையும் ஆண்டில் நாட்டில் விளைச்சல் பெருக வேண்டும், அசூர், அதாத் தெய்வங்களின் முன் தன் சீட்டு விழ வேண்டும் என்று அவன் வேண்டிக்கொள்வதாக எழுத்து சொல்கிறது. அந்த எழுத்தில் சீட்டுக்கு வரும் சொல் ‘பூரு’.

‘பூரீம்’ என்பதில் உள்ள ‘ஈம்’ எபிரேயப் பன்மை விகுதி. அக்காடியச் சொல்லுக்கு எபிரேய வால் ஒட்டிப் பிறந்த பெயர் அது, பொருள் ‘சீட்டுகள்’. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். யூதர் பண்டிகைப் பெயர்கள் பெரும்பாலும் விடுதலையையோ சடங்கையோ சுட்டும். இங்கே அழிக்க வந்தவன் கையிலிருந்த கருவியின் பெயரே பண்டிகைக்குப் பெயராயிற்று. இரண்டாம் மக்கபேயர் நூல் இதே பண்டிகையை, எஸ்தரை வளர்த்த உறவினனின் பெயரால் ‘மொர்தெகாயின் நாள்’ என்கிறது. அந்தப் பெயர் நிலைக்கவில்லை. ‘சீட்டுகள்’ நிலைத்தது.

கதையின் பெயர்களில் பாதிக்கு மேல் இப்படி வெளிநாட்டுச் சரக்குத்தான். மொர்தெகாய் என்ற பெயருக்குள் பாபிலோனியத் தெய்வம் மர்துக் இருக்கிறார். எஸ்தர் என்பதை இஷ்தார் தேவியின் பெயர் என்பார் சிலர், பாரசீகத்தில் நட்சத்திரம் என்பார் சிலர். அவளுடைய எபிரேயப் பெயர் அத்சாள். கதையின் அரசன் அகாஸ்வேரு, பாரசீகக் ‘க்ஷயார்ஷா’, கிரேக்கர் வாயில் ‘செர்க்செஸ்’. இந்தக் கதை நடந்ததற்குப் பாரசீகப் பதிவுகளில் சான்று இல்லை. சாக்கடல் சுருள்களில் எஸ்தர் புத்தகத்தின் ஒரு துண்டுகூட அகப்படவில்லை. வரலாற்றாசிரியர்கள் இதைப் பெரும்பாலும் இலக்கியமாகவே படிக்கிறார்கள். சொல் ஆராய்பவருக்கு அது குறையில்லை. கதை நடக்கும் சூசான் அரண்மனையின் காற்று அதன் சொற்களில் அப்படியே வீசுகிறது.

ஆணையின் சொல், அன்பின் சொல்

எஸ்தர் புத்தகத்தில் அரசன் ஆணையிடும் இடமெல்லாம் பாரசீகச் சொற்கள். சட்டத்துக்குத் ‘தாத்’, ஆணையின் நகலுக்குப் ‘பத்ஷேகென்’, கருவூலத்துக்குக் ‘கெனாசீம்’. கடைசியாகச் சொன்னதன் ஈரானிய மூலம் ‘கன்ஸ்’. அதே மூலம் பாரசீகக் ‘கஞ்ச்’ ஆகி, வட இந்தியச் சந்தைப் பேட்டைகளுக்குப் பெயரானது. லக்னோவின் ஹஸ்ரத்கஞ்ச் நமக்குத் தெரிந்த உதாரணம்.

ஆனால் ஒன்பதாம் அதிகாரத்தில் யூதர் தப்பித் துக்கம் மகிழ்ச்சியாக மாறியதைச் சொல்லி, இனி ஆண்டுதோறும் செய்ய வேண்டியவற்றை மொர்தெகாய் எழுதி அனுப்பும்போது மொழி மாறுகிறது. விருந்து ‘மிஷ்தே’, மகிழ்ச்சி ‘சிம்ஹா’, ஒருவருக்கொருவர் பண்டம் அனுப்புவது ‘மிஷ்லோவஹ் மானோத்’, ஏழைக்குக் கொடை ‘மத்தானோத் லா எவ்யோனீம்’. நான்கும் சுத்த எபிரேயம். மாதத்தின் பெயர் இரவல், பண்டிகையின் பெயர் இரவல், வீரனின் பெயர்கூட இரவல். செய்ய வேண்டிய காரியங்களின் பெயர் மட்டும் சொந்தம்.

‘மானோத்’ என்பது ‘மானா’வின் பன்மை, வேரின் பொருள் எண்ணுதல், பங்கிடுதல். பந்தியில் ஒருவருக்கு எடுத்துவைக்கும் பங்கு அது. ‘மத்தானா’ கொடு என்ற வேரிலிருந்து வந்தது. தால்மூத் கணக்கு நுட்பமானது: பண்டம் ஒருவருக்கு இரண்டு பங்கு, கொடை இரண்டு பேருக்கு ஒவ்வொன்று. இரண்டும் பன்மைச் சொற்கள்தாம். ஆனால் பண்டத்தில் பன்மை பங்குக்கு. கொடையில் பன்மை வாங்கும் ஆளுக்கும் சேர்த்து. பண்டம் நட்புக்கு, கொடை வறுமைக்கு. ஆகவே பூரீம் அன்று எத்தனை பரம ஏழையானாலும் ஒருவன் இன்னும் இரண்டு பேருக்குக் கொடுத்தாக வேண்டும். எதுவும் இல்லாதவன் என்ன செய்வது? தால்மூதில் இரண்டு அறிஞர்கள் தத்தம் பூரீம் சாப்பாட்டை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டார்கள் என்று ஒரு செய்தி வருகிறது. ஆளுக்கு ஒரு சாப்பாடுதான். மாற்றிக்கொண்டதில் இருவருக்கும் பண்டம் அனுப்பிய கடமை தீர்ந்தது, இருவருக்கும் வயிறும் நிறைந்தது.

‘எவ்யோன்’ வேரில் ஆசை, விருப்பம் என்ற பொருள் இருக்கிறது. லேவியராகமத்துக்கான பழைய யூத விளக்கவுரையான மித்ராஷ் ஏழைக்கு ஏழு பெயர்களை அடுக்கி ஒவ்வொன்றுக்கும் விளக்கம் தருகிறது. எவ்யோன் என்பவன் எதைப் பார்த்தாலும் ஏங்குபவன். பண்டிகை நாளில் கொடை தருவதற்கு ‘ஆனி’ என்ற பொதுச் சொல்லை விட்டுவிட்டு இந்தச் சொல்லை எடுத்திருப்பது பொருத்தம். பண்டிகை நாளில்தானே ஏக்கம் மிகுதி!

சதக்காவும் மிஸ்கீனும்

அந்த ஏழு பெயர்களில் ‘மிஸ்கேன்’ ஒன்று. இதைத் தமிழ் முஸ்லிம் வீடுகளில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை; வாசலில் வந்து நிற்கும் ‘மிஸ்கீன்’ இவரேதான். இதன் ஊர் பாபிலோன். ஹம்முராபியின் சட்டக் கல்வெட்டில், கி.மு. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே, ‘முஷ்கேனு’ என்றொரு வகுப்பு வருகிறது. முழு உரிமைக் குடிமகனுக்கும் அடிமைக்கும் இடைப்பட்டவன் அவன். தரையில் விழுந்து வணங்குதல் என்ற வினையிலிருந்து பிறந்த பெயர். அரமேயம் வழியே எபிரேயத்துக்கும் அரபிக்கும் போய், அரபியிலிருந்து ஐரோப்பாவிலும் கால் வைத்தது. பிரெஞ்சில் ‘மெஸ்கான்’ என்றால் இன்று கருமி. இல்லாதவன் பெயர் கொடாதவன் பெயராயிற்று.

‘சதக்கா’வும் இப்படிப்பட்டதே. எபிரேயச் ‘செதாக்கா’வும் அரபிச் ‘சதக்கா’வும் ஒரே சொல்லின் இரண்டு கிளைகள். எபிரேய வேர் ச-த-க்; அதன் பொருள் நேர்மை, நீதி. வேதத்தின் பழைய பகுதிகளில் செதாக்கா என்றால் நீதிச் செயல்தான். ஏழைக்குப் போடும் காசு இல்லை. தானியேல் புத்தகத்தின் அரமேயப் பகுதியில் நேபுகாத்நேச்சாருக்குத் தானியேல் சொல்லும் அறிவுரையில்தான் அந்தச் சொல் ஏழைக்கு இரங்குவதோடு சேர்ந்து நிற்கக் காண்கிறோம். அதற்குப் பிந்திய யூதர் வழக்கில் செதாக்கா என்றாலே ஏழைக்கு ஈதல் என்றாகிவிட்டது. குர்ஆனில் கொடை யார் யாருக்கு உரியது என்று பட்டியல் தரும் ஒன்பதாம் அத்தியாய வசனத்தில் சதக்காவும் மிஸ்கீனும் ஒன்றாகவே வருகின்றன. அரபுக் கப்பல்களோடு இரண்டும் நம் கரைக்கு வந்து சேர்ந்தன.

தமிழும் இதே பாதையில் நடந்திருக்கிறது. ‘தர்மம்’ அறநெறியைக் குறித்த பெருஞ்சொல். கோயில் வாசலில் ‘தர்மம் பண்ணுங்க சாமி’ என்று கேட்பவருக்கு வேண்டியது நெறி விளக்கமல்ல, சில்லறை. கேட்பவர் அறியாமலே ஒரு வாதத்தை முன்வைக்கிறார்: எனக்குத் தருவது உன் பெருந்தன்மை இல்லை, உன் கடமை. செதாக்காவின் வாதமும் அதுவே.

நீட்டிய கை

கொடை கடமை என்றால் வாங்குபவரின் தகுதியைச் சோதிக்கலாமா? மற்ற நாட்களில் நிதிப் பொறுப்பாளர்கள் விசாரிப்பதுண்டு. பூரீம் பணத்தில் மட்டும் துருவி ஆராயக் கூடாது, கையை நீட்டியவருக்கெல்லாம் கொடுத்துவிட வேண்டும் என்பது எருசலேம் தால்மூத் காலத்திலிருந்தே விதி. பூரீமுக்கென்று திரட்டியதைப் பூரீமுக்கே செலவிட வேண்டும். ஊரார் கன்றுகளை வாங்கி அறுத்து உண்ணலாம். மிச்சம் மட்டும் பொது நிதிப் பைக்கு. மிஷ்னா காலத்து அறிஞர் ரப்பி மெயிர் இன்னும் இறுக்கினார்: பணத்தை வாங்கிய ஏழை அதில் செருப்பு வார்கூட வாங்கக் கூடாது, ஊரார் முன் முதலிலேயே சொல்லிவைத்தால் ஒழிய. ரப்பான் சிமெயோன் பென் கமாலியேல் அவ்வளவு கண்டிப்பு வேண்டாம் என்றார். செருப்பு வார் வரைக்கும் வாதம் போயிருக்கிறது என்றால் அந்தப் பணம் யாருடைய எதிர்பார்ப்பில் நின்றது என்று புரிகிறது.

அந்த எதிர்பார்ப்பையும் தால்மூத் கவனித்திருக்கிறது. கிராமத்தார் திங்களும் வியாழனும் சந்தைக்கு நகரம் வருவார்கள். அவர்கள் வசதிக்காக எஸ்தர் சுருளை வாசிப்பதை 11, 12, 13ஆம் நாட்களுக்கு முன்தள்ள மிஷ்னா அனுமதித்தது. அப்போது ஏழைக்கான வசூலும் பங்கீடும் எந்த நாளில்? வாசிக்கும் நாளிலேயே; ஏனென்றால் ஏழைகளின் கண்கள் அந்த வாசிப்பையே பார்த்திருக்கின்றன. விருந்து மட்டும் உரிய தேதியில்தான். கொடை முந்தலாம், மகிழ்ச்சி முந்தக் கூடாது என்று அவர்கள் பிரித்தார்கள்.

மகிழ்ச்சி எது என்பதில் மைமோனிடிஸுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. 1138இல் ஸ்பெயினின் கோர்தோபாவில் பிறந்து, எகிப்தின் பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தில் மருத்துவராகவும் சமூகத் தலைவராகவும் வாழ்ந்து 1204இல் மறைந்தவர். பூரீம் விருந்துக்கும் நண்பர்களுக்கு அனுப்பும் பண்டத்துக்கும் செலவழிப்பதைவிட ஏழைக் கொடையில் மிகுதியாகச் செலவழிப்பதே மேல் என்று தம் சட்டத் தொகுப்பில் எழுதினார். ஏழை, அநாதை, விதவை, அந்நியர் ஆகியோரின் உள்ளத்தைக் குளிர்விப்பதைவிடப் பெரிய மகிழ்ச்சி இல்லை என்பது அவர் சொன்ன காரணம். பண்டிகை விதிகளில் இன்னும் கடுமை. ஏழைக்கு ஊட்டாமல் கதவைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு உண்பவனுடையது சிம்ஹா ஆகாது, அது வயிற்றின் மகிழ்ச்சி என்றார்.

இது ஏட்டில் மட்டும் இருந்ததா? ஃபுஸ்தாத்தின் பென் எஸ்ரா ஜெபக்கூடத்தில், தேய்ந்த எழுத்துகளைப் போட்டுவைக்கும் அறை ஒன்று இருந்தது. அதற்குக் ‘கெனீசா’ என்று பெயர். எஸ்தர் கதையின் கருவூலச் சொல்லோடு ஒரே வேர். அங்கிருந்து 1897 வாக்கில் கேம்பிரிட்ஜுக்குப் போன துண்டுகள் மட்டும் 1,90,000க்கு மேல். அவற்றில் வாரம் இருமுறை ரொட்டி வாங்கியோர் பட்டியல்கள் இருக்கின்றன. தொழிலாலும் ஊராலும் உடற்குறையாலும் ஒருவரைச் சுட்டி, அவருக்கு இத்தனை ரொட்டி என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். எஸ். டி. கோயித்தைன் போன்ற ஆய்வாளர்கள் அந்தத் துண்டுகளிலிருந்துதான் இடைக்கால யூதர்களின் ஈகை அமைப்பை மீட்டெடுத்தார்கள். ஆமான் நிரப்பப் பார்த்த கருவூலத்தின் பெயர், ஏழைகளின் ரொட்டிக் கணக்கைக் காத்த அறைக்கு வந்து சேர்ந்தது.

இரண்டு ஆதார்கள்

இப்போது மகிழ்ச்சியைக் கூட்டச் சொன்ன அந்த வாக்குக்கு வருவோம். ஆப் மாதம் ஆலயம் இடிந்த மாதம். அது புகுந்தால் மகிழ்ச்சியைக் குறைக்க வேண்டும் என்று மிஷ்னா சொல்லி நிறுத்திவிட்டது. ஆதார் புகுந்தால் கூட்ட வேண்டும் என்ற மறுபாதி பாபிலோனியத் தால்மூதில்தான் வருகிறது. அதைச் சொன்னவராகக் குறிக்கப்படுபவர் ராவ், மூன்றாம் நூற்றாண்டில் பாபிலோன் நாட்டின் சூராவில் கல்விக்கூடம் நடத்தியவர். பெயர் பிறந்த மண்ணிலேயே அந்தப் பெயருக்குப் புதுப் பொருளும் பிறந்திருக்கிறது. ஆதார் மோசே இறந்த மாதம் என்று ஆமான் மகிழ்ந்தானாம். மோசே பிறந்ததும் அதே மாதம் ஏழாம் நாள்தான் என்பது அவனுக்குத் தெரியவில்லை என்றும் தால்மூத் சொல்கிறது.

ஆனால் மகிழ்ச்சியை எப்படிக் கூட்டுவது, எவ்வளவு கூட்டுவது என்று ராவ் சொல்லவில்லை. மைமோனிடிஸ் தம் தொகுப்பில் ஆப் மாதப் பாதியை விதியாக எடுத்துக்கொண்டு, ஆதார்ப் பாதியைச் சேர்க்காமலே விட்டுவிட்டார். அளவில்லாத மகிழ்ச்சியை எப்படிச் சட்டமாக்குவது? அளக்கக் கூடியது கொடைதான். இரண்டு ஏழைகள், இரண்டு கொடைகள். அதைத்தான் அவர் விதியாக்கினார்.

ஆதாரின் பொருள் வழக்கத்தில்தான் இருக்கிறது என்பதற்கு உறுதியான சான்று நாள்காட்டியிலேயே இருக்கிறது. சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பதினொரு நாள் குறைவு. பாபிலோனியரைப் போலவே யூதரும் 19 ஆண்டுச் சுழற்சியில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூட்டுவார்கள். கூடும் மாதமும் ஆதார்தான்: முதல் ஆதார், இரண்டாம் ஆதார். நிலையான கணக்கு ஏற்படும் முன், பயிர் முற்றவில்லை, பாதையும் பாலமும் சீராகவில்லை என்று பார்த்து நீதிமன்றம் மாதத்தைக் கூட்டும். சில வேளை ஊரார் பூரீம் கொண்டாடி முடித்த பிறகு இன்னோர் ஆதார் வந்து நிற்கும். அப்படியானால் இரண்டு ஆதாருக்கும் என்ன வேறுபாடு? சுருள் வாசிப்பதும் ஏழைக்குக் கொடுப்பதும் தவிர வேறு வேறுபாடு இல்லை என்று மிஷ்னா தீர்ப்பளித்தது. பண்டிகை இரண்டாம் ஆதாருக்குப் போனதற்குத் தால்மூத் தரும் காரணம், ஒரு விடுதலை இன்னொரு விடுதலையான பஸ்காவை ஒட்டி வரட்டும் என்பது.

2027ஆம் ஆண்டில் மீண்டும் இரண்டு ஆதார்கள் வருகின்றன. பிப்ரவரி 21 அன்று முதல் ஆதாரின் 14ஆம் நாள். ‘சின்னப் பூரீம்’ என்று பெயர் மட்டும் உண்டு, உபவாசமும் இரங்கலுரையும் கிடையாது, அவ்வளவுதான். பூரீம் மார்ச் 23 அன்று. இரண்டு மாதத்துக்கும் வானத்தில் அதே நிலா, நாள்காட்டியில் அதே பெயர். எது உண்மையான ஆதார் என்று கேட்டால் பாபிலோனியச் சொல்லகராதி உதவாது. கதையை வாசித்தார்களா, கை நீட்டியவருக்குக் கொடுத்தார்களா என்றுதான் பார்க்க வேண்டும்.